ஐஸ் ஹொக்கியில் இளம் பின்கள வீரர்: ட்ராஃப்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

ஸ்காபரோவிலிருந்தோ மார்க்கத்திலிருந்தோ “பெடியன் ட்ராஃப்டில எடுபட்டிட்டான்” என்று தகவல் வந்தால், யாழ்ப்பாணத்தில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது: எந்த ட்ராஃப்ட்? ட்ராஃப்ட் என்பது ஒரு லீக்கின் அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தெரிவு செய்வது. கனடாவின் ஒன்ராறியோவில் ஹொக்கி ஆடி வளரும் பிள்ளைக்கு அது இரண்டு தடவை வரும். 15, 16 வயதில் ஒன்ராறியோ ஹொக்கி லீக், அதாவது ஓ.எச்.எல். நடத்தும் தெரிவு ஒன்று. அது இளையோர் அணிகளுக்கானது. 18 வயதில், வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். நடத்தும் தெரிவு மற்றது. அதில் 32 அணிகள் ஏழு சுற்றுகளில் 224 பேரைத் தெரிவு செய்யும். தெரிவானவருக்கு அன்றே வேலை கிடைப்பதில்லை. அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை ஒரு அணிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அதன் பிறகு வரும் காத்திருப்பு முன்கள வீரருக்கு ஒரு அளவு என்றால் பின்கள வீரருக்கு இன்னும் நீளம். மூன்று, நான்கு வருடம் ஆகும் என்று எண்ணிக்கொள்வது நியாயமானது. அவர் செய்யும் வேலையைப் பார்த்தால்தான் காரணம் விளங்கும்.

தளத்தில் அவருடைய இடம்

என்.எச்.எல். ஐஸ் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். முழு அளவு உதைபந்தாட்ட மைதானத்தில் கால்வாசிகூட வராது. அதற்குள் பக்கத்துக்கு ஆறு பேர்: ஒரு கோல் காப்பாளர், மூன்று முன்கள வீரர்கள், இரண்டு பின்கள வீரர்கள். ‘பக்’ என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் கொண்ட கெட்டி றப்பர் வில்லை. துள்ளாமல் வழுக்கிப் போவதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். தளத்தைச் சுற்றி பலகைச் சுவரும் அதன்மேல் கண்ணாடியும் இருப்பதால், பக் ஓரத்துக்குப் போனாலும் ஆட்டம் நிற்காது. ஓரத்தில்தான் சண்டை ஆரம்பிக்கும்.

இரண்டு நீலக்கோடுகள் தளத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. பக் எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டுவதற்கு முன் தாக்கும் வீரர் தாண்டினால் ஓஃப்சைட். ஆகவே எதிரணி உள்ளே வரும் வாசல் அந்தக் கோடுதான். அங்கே நிற்பவர் பின்கள வீரர். கோட்டிலிருந்து கோல் வரை 64 அடி. மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் வரும் முன்கள வீரருக்கு அது இரண்டு விநாடி வேலை. உதைபந்தாட்டத்தில் ஏமாந்த பின்கள வீரர் திரும்பி ஓடிப் பிடிக்க இடமிருக்கும். இங்கே இல்லை.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி 20 பேரை உடுத்தி இறக்கும். அதில் பின்கள வீரர்கள் வழக்கமாக ஆறு பேர், மூன்று சோடி. ஒவ்வொரு தடவையும் 45 விநாடியளவு ஆடிவிட்டு மாறுவார்கள். முதற்சோடியில் இருப்பவருக்கு 60 நிமிட ஆட்டத்தில் 23 முதல் 25 நிமிடம் கிடைக்கும். மூன்றாம் சோடிக்கு 15 நிமிடமளவு. இளம் வீரர் நுழைவது பெரும்பாலும் மூன்றாம் சோடி வழியாகத்தான்.

பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே கணக்குப் போடுவது

பின்கள வீரரின் தொழிலில் பாதி இடைவெளிதான். எதிரணி வீரர் பக்கோடு வரும்போது அவருக்கும் இவருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? நீலக்கோட்டை நெருங்கும்போது ஒன்று அல்லது ஒன்றரை மட்டை நீளம் என்று பயிற்றுநர்கள் சொல்வார்கள். அதைவிடக் கூடினால் தாக்குபவர் சுலபமாக உள்ளே வந்து நிதானமாக அடிக்கலாம். குறைந்தால் ஒரே வெட்டில் கடந்து போய்விடுவார். இந்த அளவை முன்னோக்கி வருபவரின் வேகத்தில், தான் பின்னோக்கிச் சறுக்கியபடி பிடிக்க வேண்டும். கண் பக்கைப் பார்க்கக்கூடாது, எதிராளியின் நெஞ்சைப் பார்க்க வேண்டும். மட்டை ஏமாற்றும், தலை ஏமாற்றும், நெஞ்சு போகிற பக்கம்தான் ஆள் போவார். மட்டை ஒரு கையில், நுனி ஐஸில், பாஸ் போகக்கூடிய பாதையை மறித்தபடி இருக்க வேண்டும். தன் உடலைத் தளத்தின் நடுப்பக்கம் வைத்து எதிராளியைச் சுவர் பக்கம் தள்ள வேண்டும். சுவரோரத்திலிருந்து அடிக்கும் அடியைக் கோல் காப்பாளர் பார்த்துக்கொள்வார்.

இங்கே இளையவர்கள் விடும் தவறு பெரும்பாலும் ஒன்றேதான். பயத்தில் பின்வாங்கிப் பின்வாங்கி, வாசலை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். இளையோர் லீக்கில் அதற்குத் தண்டனை குறைவு, ஏனெனில் அங்கே அடிப்பவர்களின் குறி அத்தனை துல்லியமில்லை. என்.எச்.எல்.லில் பின்வாங்கிய பத்தடிக்கு ஒரு கோல் விலை. இரண்டாவது தவறு கால் மாற்றுவதில். பின்னோக்கிச் சறுக்குபவர் முன்னோக்கித் திரும்பும் கணத்தை ஒரு அரை விநாடி முந்திச் செய்தால், தாக்குபவர் அவர் திரும்பிய திசைக்கு எதிராக வெட்டுவார். பிந்திச் செய்தால் ஓட்டத்தில் தோற்றுவிடுவார்.

தொழிலின் மற்றப் பாதி, பக்கை மீட்டு வெளியே கொண்டுபோவது. எதிரணி பக்கை மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வரும். பின்கள வீரர் முதுகைக் காட்டித் திரும்பி ஓடிப் போய் அதை எடுக்க வேண்டும். பின்னால் ஒருவர், சில வேளை இருவர், இரண்டு விநாடி இடைவெளியில் வருவார்கள். பக்கைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேலாக இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பது கட்டாயம். முதற்பார்வை துரத்துபவர் எந்தப் பக்கமாக வருகிறார் என்பதற்கு. இரண்டாவது பார்வை தன் ஆட்கள் எங்கே என்பதற்கு. சோடியாளர் ஒரு சொல்லில் கத்துவார். ‘வீல்’ என்றால் பக்கோடு கோலைச் சுற்றி ஓடு. ‘ரிவேர்ஸ்’ என்றால் வந்த பக்கமே சுவரில் அடித்து விடு. ‘ஓவர்’ என்றால் கோலின் பின்னால் எனக்கு அனுப்பு. ‘அப்’ என்றால் அதே ஓரத்தில் மேலே நிற்கும் முன்கள வீரருக்குக் கொடு. கேட்பதும் முடிவெடுப்பதும் பக் மட்டையில் படுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

இந்த இடம் ஆபத்தானதும்கூட. சுவரிலிருந்து மூன்று நான்கடி தள்ளி, முகம் சுவரைப் பார்த்தபடி, குனிந்து நிற்பவரைப் பின்னாலிருந்து இடித்தால் தலை நேரே பலகையில் போய் மோதும். அதனால்தான் ஒன்றில் சுவரோடு ஒட்டி நில், அல்லது நன்றாக விலகி நில், நடுவில் நிற்காதே என்று சிறு வயதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். பின்னாலிருந்து இடிப்பது குற்றம். ஆனால் குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பதால் மூளை அதிர்ச்சி மாறிவிடாது.

இப்போது காத்திருப்பின் காரணம் தெரியும். முன்கள வீரர் தவறவிட்டால் அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் உண்டு. பின்கள வீரருக்குப் பின்னால் கோல் காப்பாளர் மட்டும். அதோடு, கோலுக்கு முன்னால் நின்று 95 கிலோ ஆளைத் தள்ள வேண்டிய வேலைக்கு 18 வயது உடம்பு பெரும்பாலும் போதாது. சதை ஓரிரு கோடையில் ஏறும். ஆயிரக்கணக்கான தாக்குதல்களைப் பார்த்து மனதில் பதியும் ஆட்ட வாசிப்புத்தான் நேரம் எடுப்பது.

இடக்கை மட்டையா, வலக்கை மட்டையா

ஹொக்கி மட்டையின் தலைப்பு வளைந்திருக்கும், ஆகவே இடப்பக்க மட்டை, வலப்பக்க மட்டை என்று இரண்டு வகை. கனடாவில் வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளில் பலர் இடப்பக்க மட்டைதான் பிடிக்கிறார்கள், ஏனெனில் பலமான கை மட்டையின் உச்சியில் இருந்தால் கட்டுப்பாடு கூடும். விளைவு, வலப்பக்க மட்டைப் பின்கள வீரர்கள் எப்போதும் தட்டுப்பாடு. ஒவ்வொரு சோடியிலும் ஒருவர் இடம், ஒருவர் வலம் என்பதே பயிற்றுநர்களின் விருப்பம்.

பக்கம் மாறி ஆடினால் என்ன பிழை? இடப்பக்க மட்டைக்காரர் தளத்தின் வலது ஓரத்தில் நின்றால், சுவரோரமாக வரும் பக்கை மட்டையின் பின்புறத்தால் நிறுத்த வேண்டும். பின்புறத்தில் வளைவு எதிர்ப்பக்கம், பக் நழுவும். எதிரணியின் நீலக்கோட்டில் நின்று பக்கை வெளியே விடாமல் தடுக்கும்போதும் இதே சிக்கல். நழுவிய பக் எதிரணியின் வேகத் தாக்குதலாக மாறிவிடும். ஆக, ஒரு கழகத்தில் ஏற்கெனவே ஐந்து இடப்பக்கக்காரர் இருந்தால், ஆறாவது இடப்பக்க இளைஞர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் வரிசையில் பின்னால் நிற்பார். அவருடைய வளர்ச்சியை மட்டும் வைத்து இதைக் கணக்கிட முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை பின்கள வீரர் என்றால் அவர் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுக் கழகத்தின் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள்.

இளையோர் லீக்கிலிருந்து முகாம் வரை

கனடாவில் பிள்ளைகள் ஐந்தாறு வயதில் தொடங்குவார்கள். திறமைக்கேற்ப மேலே போகும் அடுக்குகளில் உச்சம் மூன்று ஏ. இந்த அடுக்கில் ஒரு பருவத்துக்கான செலவு 10,000 கனேடியன் டொலரைத் தாண்டுவது சாதாரணம். நல்ல ஸ்கேட் ஒரு சோடியே ஆயிரம் டொலருக்குப் பக்கத்தில் வரும், கால் வளர வளர மாற்றவும் வேண்டும். ஊரில் துடுப்பும் கால்காப்பும் வாங்கிக் கொடுத்தால் கிரிக்கெட் பழகலாம் என்பது போன்ற விளையாட்டு அல்ல இது. உடலால் இடிப்பது 13 வயதளவில், போட்டி அடுக்குகளில் மட்டும் அனுமதிக்கப்படுகிறது. சிறு பின்கள வீரர்கள் பலர் நின்றுவிடும் வயது அதுதான்.

ஓ.எச்.எல்.லுக்குத் தெரிவானால் பிள்ளை வேறு நகரத்துக்குப் போய், கழகம் ஏற்பாடு செய்யும் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கி, பகலில் பள்ளிக்கூடமும் மாலையில் பயிற்சியுமாக 68 ஆட்டங்கள் கொண்ட பருவத்தை ஆடுவார். ஒரு பருவம் ஆடினால் ஒரு வருடப் பல்கலைக்கழகக் கட்டணம் என்ற உதவித்தொகை ஏற்பாடும் உண்டு. படிப்பை முக்கியமாக நினைக்கும் நம் வீடுகளில் இதைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது புத்தியல்ல. முன்பு கனேடிய முதன்மை இளையோர் லீக்கில் ஆடியவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கி மூடிய கதவு. 2025 ஓகஸ்டிலிருந்து அது திறந்துவிட்டது. பின்கள வீரர்களுக்கு இது நல்ல செய்தி. பல்கலைக்கழகத்தில் ஆட்டங்கள் குறைவு, வாரநாட்களில் உடற்பயிற்சிக்கு நேரம் அதிகம், எதிராளிகள் 22, 23 வயதுக்காரர்.

என்.எச்.எல். தெரிவுக்கு அந்த ஆண்டு செப்ரெம்பர் 15க்குள் 18 வயது நிறைய வேண்டும். தெரிவானவர் செப்ரெம்பரில் அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுவார். அங்கே நன்றாகச் செய்தால் சில ஆட்டங்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். இங்கே ஒன்பது என்ற எண் முக்கியம். 18, 19 வயது வீரர் ஒருவர் பத்து ஆட்டம் ஆடாதவரை அவருடைய மூன்று வருட ஒப்பந்தத்தின் முதல் வருடம் கழிவதில்லை, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஆகவே “ஒன்பது ஆட்டம் ஆடினான், பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள்” என்பது தோல்விச் செய்தி அல்ல, கணக்கு.

திருப்பி அனுப்புவதென்றால் எங்கே? ஓ.எச்.எல். போன்ற லீக்கிலிருந்து தெரிவானவர் 20 வயதுக்குள் என்றால் ஒன்றில் என்.எச்.எல்., அல்லது பழைய இளையோர் அணி. நடுவிலுள்ள, என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான தொழில்முறை லீக்கான ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது என்பதே நீண்டகால விதி. 19 வயதுக்காரர் விடயத்தில் அதைத் தளர்த்த 2025இல் உடன்பாடு எட்டப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஜேர்மனியின் மொரிட்ஸ் சைடரை டெட்ரொயிட் 2019இல் ஆறாவதாகத் தெரிவு செய்தது. முதலாண்டு ஏ.எச்.எல்., இரண்டாமாண்டு சுவீடன் லீக், மூன்றாமாண்டுதான் என்.எச்.எல். வந்த ஆண்டே சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் கிண்ணம்.

ஏ.எச்.எல். என்னும் வேலைத்தளம்

என்.எச்.எல். அணி ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஏ.எச்.எல். அணி உண்டு. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு ரொறன்ரோ மார்லீஸ். மேலே ஏழாவது பின்கள வீரராகப் பார்வையாளர் மாடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, கீழே ஒரு ஆட்டத்துக்கு 22 நிமிடம் ஆடுவது இளைஞருக்கு நல்லது. கழகங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. வீட்டுக்காரர்தான் சில வேளை நினைப்பதில்லை.

பணம் எப்படி? 18 முதல் 21 வயதுக்குள் ஒப்பமிடுபவருக்கு முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. 2025இல் தெரிவானவருக்கு என்.எச்.எல். சம்பளத்தின் உச்சம் வருடத்துக்கு 975,000 அமெரிக்க டொலர், ஊக்கத்தொகை தனி. அதே ஒப்பந்தத்தில் ஏ.எச்.எல்.லில் ஆடும் நாட்களுக்கு வேறு சம்பளம், வருடக் கணக்கில் எண்பதாயிரம் டொலர் மட்டில். சம்பளம் பருவத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிடப்படும். பருவம் 190 நாளளவு என்று வைத்தால், மேலே இருக்கும் ஒரு நாளுக்கு 5,000 டொலருக்குச் சற்று மேல், கீழே இருக்கும் ஒரு நாளுக்கு 400 சொச்சம். மூன்று நாள் மேலே அழைக்கப்பட்டுத் திரும்புவது இதனால்தான் வீரருக்குப் பெரிய விடயம். ஒன்ராறியோவில் உச்ச வருமான வரி 53 வீதத்துக்கும் மேல் என்பதையும், முகவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் கழித்துக்கொண்டு, ஊரில் காணி விலை பேசுங்கள்.

தொடக்க ஆண்டுகளில் கழகம் அவரை மேலும் கீழுமாக விருப்பப்படி மாற்றலாம். பிறகு ‘வேவர்ஸ்’ விதி வரும். அதன்படி கீழே அனுப்புவதற்கு முன் 24 மணிநேரம் மற்ற அணிகள் எதுவும் அவரை எடுத்துக்கொள்ளலாம். 20 வயதில் ஒப்பமிட்டவருக்கு மூன்று பருவம் அல்லது 160 என்.எச்.எல். ஆட்டம், எது முதலில் வருகிறதோ அதுவரை விலக்கு. விலக்கு முடியும் ஆண்டுதான் உண்மையான பரீட்சை. கழகம் அவரை மேலே வைத்திருக்க வேண்டும், அல்லது இழக்கும் அபாயத்தை ஏற்க வேண்டும். முதல் ஒப்பந்தம் முடிந்தாலும் உரிமை கழகத்திடமே இருக்கும். விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம் பொதுவாக 27 வயதில், அல்லது ஏழு என்.எச்.எல். பருவம் முடிந்த பிறகு.

விரைந்து வந்தவர், பிந்தி வந்தவர்

ஹமில்ரனைச் சேர்ந்த மத்தியூ ஷேஃபர் 2025 தெரிவில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணிக்கு முதலாவதாகப் போனார். பிறந்த நாள் 2007 செப்ரெம்பர் 5, பதினொரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் மறு ஆண்டுதான் தகுதி. உலக இளையோர் போட்டியில் காறை எலும்பு முறிந்து, அந்த ஓ.எச்.எல். பருவத்தில் 17 ஆட்டம்தான் ஆடினார். ஆனாலும் முதலிடம். தெரிவாளர்கள் பின்கள வீரரின் கோல் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, அவர் சறுக்குவதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அந்த ஒக்ரோபரிலேயே, 18 வயதில், என்.எச்.எல்.லில் இறங்கினார். இவரை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லாப் பிள்ளைகளும் தோற்றவர்கள் போலத் தெரிவார்கள். 2021இல் முதலாவதாகத் தெரிவான ஓவன் பவர்கூட மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு பருவம் ஆடினார். 2017இல் நான்காவதாகத் தெரிவான கேல் மக்கார் இரண்டு பருவம் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டுத்தான் வந்தார். சிறந்த பின்கள வீரருக்கான நோரிஸ் கிண்ணம் 2022இலும் 2025இலும் அவருக்கு.

அடுத்த முனையில் மார்க் ஜியோர்டானோ. ரொறன்ரோக்காரர், எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. ஏ.எச்.எல்.லில் உழைத்து, ஒப்பந்தம் சரிவராமல் ஒரு பருவம் மொஸ்கோவுக்குப் போய், கல்கரிக்குத் திரும்பி, அணித்தலைவராகி, 35 வயதில் 2019இன் நோரிஸ் கிண்ணத்தை வென்றார். நோரிஸை ஏழு தடவை வென்ற நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989இல் 53ஆவது தெரிவு. பின்கள வீரர்களில் அதிக ஆட்டம் ஆடிய சிடேனோ சாரா 1996இல் 56ஆவது. இந்த இடத்தில் ஆளைக் கணிப்பது தெரிவாளர்களுக்கே கடினம்.

உயரமும் பழைய சட்டமல்ல. மொன்றியலின் லேன் ஹட்சன் உயரம் போதாதென்று 2022இல் 62ஆவது இடம்வரை தள்ளப்பட்டார். 2025இல் கால்டர் கிண்ணம் அவருக்கு. 2005இல் இழுத்துப் பிடிப்பதையும் மறிப்பதையும் நடுவர்கள் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கிய பிறகு, நன்றாகச் சறுக்கும் சிறிய ஆளுக்கும் இடம் பிறந்தது.

உடம்பு மட்டும் பேரம் பேசாது. எட்டுத் தடவை தொடர்ந்து நோரிஸ் வென்ற பொபி ஓர் முழங்கால் பழுதாகி 30 வயதில் ஓய்வுபெற்றார். இன்றைக்கு வைத்தியம் முன்னேறியிருக்கிறது. ஆனாலும் அடிக்கும் பக்கை உடலால் மறிப்பது வேலையின் பகுதி, பாதமும் கைவிரலும் முறிவது அந்த வேலையோடு வருவது.

ஊரிலிருந்து பார்ப்பவருக்கு

ரொறன்ரோவில் இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே மாரிகாலத்தில் அடுத்த நாள் காலை 5.30க்கு. கனடாவில் கோடை நேரம் நடக்கும் மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை 4.30க்கு. எழும்ப முடியாவிட்டால் ஆட்டத்தின் புள்ளிவிவரங்களைப் பாருங்கள், ஆனால் கோல், உதவி என்ற எண்களில் தொடங்க வேண்டாம். கூட்டல் கழித்தல் என்ற எண்ணையும் நம்பிவிடாதீர்கள். அவர் ஐஸில் இருக்கும்போது தன் அணி அடித்த கோலுக்கு ஒன்று கூட்டி, வாங்கிய கோலுக்கு ஒன்று கழிப்பது அது; ஆள் கூடுதலாக நிற்கும் அணி அடிக்கும் கோல் மட்டும் கணக்கில் வராது. கோல் காப்பாளர் சொதப்பினாலும் பழி இவருக்கு.

பார்க்க வேண்டியது ஆடிய நிமிடம். ஒக்ரோபரில் 13, ஜனவரியில் 17 என்றால் பயிற்றுநர் நம்பத் தொடங்கியிருக்கிறார். அடுத்து, அணி ஆள் குறைந்து நிற்கும் இரண்டு நிமிடத் தண்டனை நேரங்களில் அவரை இறக்கினார்களா என்று பாருங்கள். எதிரணி ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் ஆடினால் கெட்டிக்காரப் பாஸ்காரர் என்று பொருள், கிரிக்கெட்டின் பவர் பிளேயோடு இதைக் குழப்ப வேண்டாம். ஆட்டத்தையே பார்க்கிறீர்கள் என்றால் கடைசி இரண்டு நிமிடத்துக்குக் காத்திருங்கள். ஒரு கோலால் முன்னிலை, எதிரணி கோல் காப்பாளரை வெளியே எடுத்து ஆறாவது தாக்குதல் வீரரை இறக்கிவிட்டது. அப்போது நீலக்கோட்டுக்குப் பின்னால் நிற்கும் இருவரில் ஒருவராக உங்கள் பெடியனை அனுப்பினால், அடுத்த முகாமில் அவருக்கு இடம் தேட வேண்டியிராது.